பல்லீறு ஒட்டுச் சிகிச்சையும் புண் ஆறும் வகையும்

நம் உடலுறுப்புக்களுள் கண்ணுக்கும் செவிக்கும் நாம் அளிக்கும் மதிப்பைப் பல்லுக்கு அளிப்பதில்லை. பல்லுக்கு அளிக்கும் மதிப்பில் ஒரு சிறு பங்கேனும் ஈறுக்கு அளிப்பதில்லை. 'பல் போனால் சொல் போச்சு' என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், பல் போவதற்கு முன்னே பெரும்பாலும் ஈறு கெடுகின்றது என்பதை அறிந்தார் மிகச் சிலரே. ஆற்றங்கரை மரத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றால் வேர் வெளிப்படுவது போல, ஈறு தன் நிலையினின்று விலகினால் பல்லின் வேர் வெளிப்படும். அங்ஙனம் வெளிப்பட்ட வேரைக் காத்தற்பொருட்டு இக்காலத்துப் பல் வைத்தியர் செய்யும் ஒட்டுச் சிகிச்சையைப் பற்றியும், சிறப்பாக அதன்பின் புண் ஆறும் நாட்களில் வாயினுள் நிகழ்வன பற்றியும் இங்கே ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம். வைத்தியரின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. நோயாளியின் வேலையோ பல வாரம் நீடிக்கின்றது. முன்னது எவ்வளவு திறம்படச் செய்யப்பட்டிருப்பினும், பின்னது தவறினால் பயன் குன்றும்.

ஈறு விலகுதற்குக் காரணங்கள் பல. பல்லின் அடியில் அழுக்கும் காரையும் படிந்து, ஈறு வீங்கி, உள்ளிருக்கும் எலும்பும் தேய்ந்து, அதனால் ஈறு இறங்குவது ஒரு வகை. இது கவனமின்மையால் வருவது. மிகுந்த கவனத்தால் வருவது மற்றொரு வகை. முரட்டுத் தூரிகையைக் கொண்டு, பாத்திரம் விளக்குவார் போலக் குறுக்கே அழுத்தித் தேய்ப்பாரும், கரித்தூளும் செங்கற்பொடியும் கொண்டு பல் துலக்குவாரும், பல்லை வெண்மையாக்குகின்றோம் என்று எண்ணி ஈறைத் தேய்த்துவிடுகின்றனர். புகையிலையைக் கன்னத்திலோ உதட்டினடியிலோ அடக்கிக்கொள்ளும் வழக்கமுடையார்க்கு அது படும் இடத்தில் ஈறு விலகுவதுண்டு. பிறவியிலேயே ஈறு மெல்லியதாக அமைந்தவர்க்கும், வரிசை தப்பிப் பல் முன்னே துருத்தியிருப்பவர்க்கும் இக்குறை எளிதில் உண்டாகும். கீழ்த்தாடையின் முன்பற்களில் இதனை அடிக்கடி காணலாம்.

பல்லின் தலைப்பகுதியை மூடியிருக்கும் பளிங்கு போன்ற பொருள், உடலிலுள்ள எல்லாப் பொருளினும் வன்மையுடையது. வேரின்மீது அத்தகைய காப்பு இல்லை. அங்குள்ள மெல்லிய படலம் விரைவில் தேய்ந்துபோம். அதன்கீழ் உள்ள பகுதியில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துளைகள் எண்ணிறந்தன உண்டு. குளிர்ந்த நீர் பட்டவுடன் அத்துளைகளிலுள்ள நீர் அசைய, அவ்வசைவு நரம்பைத் தாக்க, 'சுரீர்' என்னும் கூச்சம் எழுகின்றது. கூச்சத்தோடு, வேர் சொத்தையாதலும், ஈறு மேன்மேலும் விலகுதலும் தொடரக்கூடும். ஆயினும், ஈறு விலகியோர் அனைவர்க்கும் ஒட்டு வேண்டுவதில்லை. தொல்லையின்றி நின்ற நிலையிலேயே நிற்பதாயின், துலக்கும் முறையைத் திருத்திக்கொண்டு ஆண்டுதோறும் அளந்து பார்த்துவருதலே போதும் என வைத்தியர் கூறுவதுண்டு. மேலும், பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு தேய்ந்திருந்தால் வேர் முழுவதும் மூடப்படும் என்று எதிர்பார்த்தலாகாது. 1985-ஆம் ஆண்டில் மில்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் ஈறு விலகுதலை நான்கு வகையாகப் பிரித்து இவ்வுண்மையைத் தெளிவாக்கினார். சிகிச்சைக்கு உடன்படுமுன், 'எம் பல்லில் எவ்வளவு மூடப்படும்?' என்று வைத்தியரை வினவி அறிந்துகொள்ளுதல் நன்று.

நிற்க. ஒட்டு என்னும் சொல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. ஒட்டு மாங்கன்று வளர்ப்போர் இருவகை முறைகளைக் கையாளுவர். ஒன்று, நல்ல மரத்தின் கிளையை வெட்டாமலே வளைத்து, பக்கத்தில் வைத்த கன்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றிய பின்னரே தாய்மரத்தினின்று அறுத்தெடுப்பது. மற்றொன்று, கொம்பை முன்னரே வெட்டிக் கொணர்ந்து கன்றில் பொருத்திக் கட்டுவது. ஈறு ஒட்டிலும் இவ்விரு முறைகளும் உள்ளன. பக்கத்துப் பல்லின் ஈறை முழுதும் அறுத்தெடுக்காமல் நகர்த்திக் குறையுற்ற பல்லின்மேல் வைத்துத் தைக்கும் முறையை 1956-இல் குரூப், வாரன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்டனர். வேறிடத்தினின்று முழுதும் எடுத்த துண்டை ஒட்டும் முறையை 1963-இல் ஸ்வீடன் தேசத்துப் பியோர்ன் எழுதினார். மேல்தோலை நீக்கி உள்ளிருக்கும் தசைநாரை மட்டும் எடுத்து, ஈறின் மடிப்பினடியில் செருகி வேரை மூடும் முறையை 1985-இல் லாங்கர் என்னும் பெயருடைய இருவர் வெளியிட்டனர். இக்காலத்தில் வேரை மூடுதற்குப் பெரிதும் கைக்கொள்ளப்படுவது இம்மூன்றாம் முறையும் அதன் வழிவந்தனவுமேயாம்.

துண்டு எடுக்கப்படும் இடம் பெரும்பாலும் மேலண்ணம். அங்கே தசை தடித்து உறுதியாயிருத்தலே காரணம். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள சிறு துண்டை எடுத்து, முன்னரே பக்குவப்படுத்திய இடத்தில் பொருத்தி, நுண்ணிய தையல் இடுவர். தைத்த பின் நனைந்த துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடிப்பர். இவ்வழுத்தம், ஒட்டுக்கும் அடிப்படுகைக்கும் இடையே இரத்தம் திரண்டு கட்டியாக நிற்காதபடி செய்கின்றது; அங்கே திரளும் இரத்தம் சுவர்போல் நின்று இரண்டையும் சேரவொட்டாது தடுக்கும்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். அண்ணத்தினின்று அறுத்தெடுத்த துண்டுக்கு அந்நேரத்தில் இரத்த ஓட்டம் இல்லை. அஃது எங்ஙனம் உயிர் வாழ்கின்றது? 1968-இல் ஆலிவர், லே, காரிங் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் குரங்குகளில் சோதித்து, ஒட்டு ஆறுதலை மூன்று பருவங்களாகப் பகுத்தனர். முதல் 3 நாட்கள் வரை, அடியிலுள்ள படுகையினின்று கசியும் நீரை உறிஞ்சியே ஒட்டு பிழைக்கின்றது. மண்ணில் வேரூன்றாத நாற்று ஈரத்தால் மட்டும் வாடாதிருப்பது போன்றது இந்நிலை. 2-ஆம் நாள் தொடங்கி 11-ஆம் நாள் வரை, படுகையினின்று நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்து ஒட்டினுள் புகுந்து, அங்குள்ள குழாய்களோடு இணைகின்றன. 11-ஆம் நாள் முதல் 42-ஆம் நாள் வரை, இணைந்த தசை முதிர்ந்து உறுதிப்படுகின்றது.

இதில் ஓர் இடர் உண்டு. ஒட்டின் நடுப்பகுதி பல்லின் வேர்மீது படிகின்றது. வேரின் மேற்பரப்பிலோ இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. ஆகவே, அப்பகுதி தன் அடியினின்று போஷணை பெறாது, இருபுறத்தும் உள்ள ஈறினின்றே பெறவேண்டும். ஆற்றின் குறுக்கே இருகரையையும் பற்றி நிற்கும் பாலம் போன்றது அது. கரைகளின் பிடி தளர்ந்தால் பாலம் நில்லாது. முளைக்கும் குழாய்கள் மயிரினும் பன்மடங்கு மெல்லியவை. ஒட்டு சிறிது அசைந்தாலும் அவை அறுந்துபோம். அறுந்தால் மீண்டும் முளைத்தல் வேண்டும். அதற்குள் நடுப்பகுதி பட்டினியால் மடிந்துவிடலாம். சிகிச்சைக்குப் பின் வைத்தியர் விதிக்கும் கட்டளைகளெல்லாம் வெவ்வேறாகத் தோன்றினும், அவற்றுட் பெரும்பாலான 'ஒட்டு அசையலாகாது' என்னும் ஒன்றன் விரிவேயாம். காரணம் அறிந்தவர்க்குக் கட்டளை பாரமாகாது.

முதல் நாள் உமிழ்நீரில் சிவப்புக் காணுதல் இயல்பு. ஒரு துளி இரத்தம் வாய்நீரோடு கலந்து பெரிதாகத் தோன்றும். அதுகண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதனைக் காறி உமிழ்தலும், உறிஞ்சுகுழல் கொண்டு பானம் பருகுதலும் தகா. வாயினுள் எழும் இழுப்பு, உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். வாயைச் சாய்த்து நீர் தானே வழியவிடுதல் போதும். அண்ணத்தில் கசிவு மிகுந்தால், சுத்தமான துணியை நனைத்து அவ்விடத்தில் வைத்து 20 நிமிஷம் இடைவிடாது அழுத்துக; நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையை வைத்து அழுத்துதலும் உண்டு, தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கட்டுமாதலால். நிமிஷத்திற்கொரு முறை எடுத்துப் பார்ப்பது அழுத்தாமைக்குச் சமம்.

முதல் நாளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் புறத்தே 10 அல்லது 15 நிமிஷம் வைப்பதும், அவ்வளவு நேரம் எடுத்துவிடுவதுமாகச் செய்துவந்தால் வீக்கம் குறையும். இரவில் தலையணையைச் சிறிது உயர்த்திக்கொள்ளுக. இரண்டாம் மூன்றாம் நாட்களில் வீக்கம் மிகுந்து, பின்னர் வடியும். முதல் நாளினும் மூன்றாம் நாள் முகம் பருத்திருப்பது கண்டு மனங்கலங்க வேண்டா. வலிக்கு மருந்து வைத்தியர் குறித்தபடியே கொள்ளுதல் வேண்டும். தலைவலிக்கு உண்பது போலத் தாமே ஆஸ்பிரின் உண்ணலாகாது. அது இரத்தம் உறைதலைத் தடுக்கும். இருதய நோய்க்காக அதனை முன்னரே உண்டுவருவோர், தம் வைத்தியரைக் கேளாது நிறுத்துதலும் ஆகாது.

எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு. அஃது உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பாராதிருத்தல். கீழ் முன்பல்லில் ஒட்டு வைத்தவர் உதட்டை இழுக்குந்தோறும், உதட்டோடு தொடர்புள்ள தசை ஒட்டையும் இழுக்கின்றது. 'ஆறிவிட்டதா?' என்று அறியும் ஆவலே ஆறுதலுக்குப் பகையாகின்றது. விதையிட்ட சிறுவன் முளைத்ததா என்று நாள்தோறும் மண்ணைக் கிளறிப் பார்த்த கதைதான். நாவினால் தையலைத் துழாவுதலும் இவ்வாறே விலக்கத் தக்கது.

ஆகார விஷயத்தில் நம் சமையலில் ஏற்றன பல உள. முதல் நாளில் ஆறிய கஞ்சி, மோர், பால் முதலியனவும், அடுத்த சில நாட்களில் குழைய வடித்துப் பிசைந்த தயிர்ச்சோறு, பாலில் ஊறிய இட்டிலி, ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், கனிந்த வாழைப்பழம், மசித்த பருப்பு ஆகியனவும் தகும். மெல்லுங்கால் சிகிச்சை செய்யாத பக்கத்தில் மெல்லுக. கொதிக்கக் கொதிக்கக் காப்பி அருந்தும் வழக்கமுடையார் சில நாட்களுக்கு அதனை ஆற்றிப் பருகவேண்டும். சூடு இரத்தக் குழாய்களை விரியச் செய்து கசிவை உண்டாக்கும். முறுக்கு, சீடை, பொரித்த அப்பளம், வறுத்த கடலை ஆகியவை புண்ணைக் குத்தும். எள்ளும் கடுகும் தையலில் சிக்கும். மிளகாயும் ஊறுகாயும் எரிச்சல் தரும். விடுதியில் உண்ணும் மாணவர், சிகிச்சைக்கு முன்னரே சமையற்காரரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்வது அறிவுடைமை. பட்டினி கிடத்தல் பிழை. புதுத்தசை வளர ஆகாரம் இன்றியமையாதது.

வாய்ச் சுத்தம் பற்றி இருவகைத் தவறுகள் நேர்கின்றன. அஞ்சி எல்லாப் பற்களையும் துலக்காமல் விடுவார் ஒரு சாரார். வழக்கம்போலத் துலக்கி ஒட்டைப் பெயர்ப்பார் மற்றொரு சாரார். ஒட்டு வைத்த இடத்தையும் அண்ணப் புண்ணையும் வைத்தியர் இசைவு தரும்வரை, குறைந்தது இரண்டு வாரமேனும், தூரிகையால் தொடலாகாது; ஏனைய பற்களை நாள்தோறும் துலக்கியே தீரவேண்டும். துலக்காத இடத்தைக் காப்பதற்காக, குளோர்ஹெக்ஸிடின் என்னும் மருந்து நூற்றுக்கு 0.12 அல்லது 0.2 பங்கு கலந்த வாய்கழுவும் நீரை நாளைக்கு இருமுறை தருவர். அதனைக் கொப்புளித்துக் கலக்காமல், வாயில் கொண்டு தலையை மெல்லச் சாய்த்து நீர் எங்கும் படரவிட்டு, பின் வழியவிட வேண்டும். இம்மருந்தால் பல்லில் பழுப்புக் கறை படிதலும், நாவின் சுவை சில நாள் மாறுதலும் உண்டு. கறையைப் பின்னர் வைத்தியர் போக்கிவிடுவார். சுவை தானே திரும்பும். தையல், தானே கரைவதன்றாயின், 7 முதல் 14 நாட்களுக்குள் எடுக்கப்படும்.

புகைபிடித்தல் பற்றித் தனியே கூறுதல் அவசியம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. முளைத்து நீளவேண்டிய குழாய்களையே எதிர்பார்த்து ஒட்டு பசித்திருக்கும் நாட்களில் அவற்றைச் சுருக்குதல், பயிர் வாடும் காலத்தில் வாய்க்காலை அடைப்பதை ஒக்கும். புகைபிடிப்போரிடத்தில் வேர் மூடப்படும் அளவு குறைவாயிருத்தலை வைத்தியர் கண்டிருக்கின்றனர். சுருட்டும் பீடியும் சிகரெட்டும், அடக்கும் புகையிலையும் இதில் ஒரே இனம். ஈறு விலகுதற்குக் காரணமாய் நின்ற பழக்கத்தை ஈறு ஒட்டிய பின்னும் தொடர்வோர், வைத்தியருடைய உழைப்பையும் தம் பொருளையும் ஒருங்கே இழப்பர்.

ஒரு வாரத்திற்குள் ஒட்டின் நிறம் மாறுவதைக் கண்டு பலர் அஞ்சுவர். மேல்தோலோடு எடுத்து ஒட்டிய துண்டு முதலில் வெளுத்து, பின் சாம்பல் நிறமாகி, மேலே வெள்ளைப் படலம் உரிவதுண்டு. ஒட்டு அழுகிவிட்டது என்று நினைந்து அப்படலத்தைச் சுரண்டுவோரும் உளர். உண்மையில் மேல்தோல் மட்டுமே உரிகின்றது. அடியிலுள்ள தசைநார் உயிரோடிருக்க, சூழவுள்ள ஈறினின்று புதுத்தோல் அதன்மேல் படர்ந்து வருகின்றது. பின்னர்ச் செந்நிறம் தோன்றும். பெரும்பாலும் ஒட்டு வைத்த இடத்தினும் அண்ணப் புண்ணே மிகுதியாக வலிக்கும். மேல்தோலோடு எடுத்தவிடத்து அது தையலால் மூடப்படாது திறந்து கிடத்தலே காரணம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அதுவும் தானே மூடும். அதுவரை அதனைக் காத்தற்கு மெல்லிய தகடு ஒன்றைச் சில வைத்தியர் செய்து தருவர்.

கல்லூரியில் உள்ளோர் காலத்தையும் கருதுதல் வேண்டும். முதல் சில நாட்கள் ஓடுதலும், பளு தூக்குதலும், பந்தாடுதலும் தவிர்க்கத் தக்கன. இரத்த வேகம் மிகுந்தால் கசிவு மிகும். நெடுநேரம் பாடம் சொல்லும் ஆசிரியரும், பாடற்குழுவில் பாடுவோரும், சொற்போட்டியில் பேசுவோரும், ஊதும் வாத்தியம் வாசிப்போரும், உதட்டிற்குத் தொழில் மிகுதியாகலின், இரண்டு வாரமேனும் ஓய்வு கிடைக்கும் காலத்தையே சிகிச்சைக்குத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பின்வரும் குறிகள் தோன்றின் தாமதியாது வைத்தியரை அணுகவேண்டும். 20 அல்லது 30 நிமிஷம் அழுத்தியும் இரத்தம் நில்லாமை, நான்காம் நாளுக்குப் பின்னும் வீக்கமும் வலியும் தணியாது வளர்தல், காய்ச்சல், சீழ், தையல் அவிழ்ந்து ஒட்டு அசைதல், மருந்து உண்டபின் தடிப்போ மூச்சுத் திணறலோ உண்டாதல். மூச்சுத் திணறல் கண்டால் பல் வைத்தியரைத் தேடிக் காத்திராமல் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கே உடனே செல்லவேண்டும்.

ஆறு வாரம் சென்றபின் ஒட்டு உறுதிப்படும். எனினும் அதன் மாற்றம் அத்துடன் நிற்பதில்லை. சிலரிடத்தில், சிகிச்சையால் மூடப்படாது எஞ்சிய வேர்ப்பகுதியின்மேல் ஈறு தானே சிறிது சிறிதாக ஏறிப் பல மாதங்களில் இன்னும் கொஞ்சம் மூடுவதுண்டு. இன்னுமோர் அதிசயம்: ஒட்டிய தசை தன் பிறந்தகத்தை மறப்பதில்லை. மேலே எப்படிப்பட்ட தோல் வளரவேண்டும் என்பதை அடியிலுள்ள தசைநாரே தீர்மானிக்கின்றது என்பதை 1975-இல் காரிங், லாங், லே என்போர் ஆராய்ந்து காட்டினர். அண்ணத்துத் தசை உதட்டருகே வந்த பின்னும் அண்ணத்தின் உறுதியோடே நிற்பது இதனாலேயே. மேல்தோலோடு ஒட்டிய இடம் சுற்றிலுமுள்ள ஈறினின்று நிறத்தால் வேறுபட்டு ஒட்டுப்போட்ட துணிபோலத் தோன்றுவதும் இதன் மறுபக்கமாகும்.

ஈறு ஆறினபின் பழைய முரட்டுத் தூரிகையையே மீண்டும் கையிலெடுப்பாராயின், ஒட்டிய ஈறும் முன்னையது சென்ற வழியே செல்லும். மென்மையான தூரிகையை ஈறினின்று பல்லின் நுனி நோக்கி மெல்ல உருட்டித் துலக்கும் முறையை வைத்தியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காரை நீக்கிக்கொள்ளுதலும் வேண்டும்.

சுருங்கக் கூறின், இச்சிகிச்சையில் வைத்தியர் ஒட்டைப் பொருத்துகின்றார். அதனை உயிரோடு இணைப்பது நம் உடலில் இறைவன் அமைத்த ஆற்றல். இவ்விருவர்க்கும் இடையே நின்று இடையூறு செய்யாதிருத்தல் ஒன்றே நோயாளியின் பங்கு. மருந்து உண்ணச் சொன்னால் உண்பார் பலர். நடக்கச் சொன்னால் நடப்பார் பலர். தொடாதே, இழுக்காதே, பாராதே என்றால் அடங்குவார் சிலரே. அச்சிலருள் நம் மாணவ நண்பர்களும் ஒருவராயின், இரண்டு வாரப் பொறுமைக்குப் பல்லாண்டு நிற்கும் பல் அவர்க்குப் பரிசாகும்.